இரண்டரை டன் மாம்பழம், ஒரு கிராபிக்ஸ் கார்டு

2025 ஜூனில் சித்தூர் மாவட்டத்துத் தோத்தாபுரி மாம்பழத்துக்கு ஆந்திர அரசு ஒரு கணக்குச் சொன்னது. கிலோவுக்கு ஆலைக்காரர் 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12. பழக்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்ற பருவம் அது. அந்த 12 ரூபாயும் முழுசாகக் கைக்கு வந்தது என்றே வைத்துக்கொண்டாலும், கம்ப்யூட்டரில் ஆட்டம் ஆட வீட்டுப் பையன் கேட்கும் நடுத்தர ரகக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்கு 30,000 ரூபாய் என்றால், அதற்கு 2,500 கிலோ பழம் வேண்டும். இரண்டரை டன். பறிகூலி, வண்டி வாடகை, மருந்துச் செலவு எதையும் கழிக்காமல்.

இதைக் கேட்டதும் ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று ஆரம்பித்துவிடலாம். சுலபம்தான், பயன் ஒன்றும் இல்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பல வீடுகளில் பணம் மாதா மாதம் ஒரே அளவில் வருவதில்லை. மாம்பழப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை. சீட்டு எடுக்கிற மாதம் ஒன்று. ஸ்ரீசிட்டிக்கோ ரேணிகுண்டாவுக்கோ ஆலை வேலைக்குப் போகிற அண்ணனுக்கு ஓவர்டைம் கிடைக்கிற மாதம் ஒன்று. திருமலைக்குக் கூட்டம் ஏறும் கோடை விடுமுறையில் வாடகைக் கார் ஓட்டுகிறவரின் கையில் காசு புரளும். பரீட்சைக் காலத்தில் வண்டி வாசலிலேயே நிற்கும். இப்படித் துண்டு துண்டாக வரும் பணத்துக்கு, துண்டு துண்டாக வாங்கக்கூடிய பொருள்தான் தோது. கடையில் அசெம்பிள் செய்து வாங்கும் கம்ப்யூட்டர் அந்த வகை. இந்த மாதம் எஸ்எஸ்டி, சீட்டு எடுத்ததும் மதர்போர்டும் பிராசசரும், அடுத்த மாம்பழத்துக்குக் கார்டு.

இந்த ஊர்களில் வீடு கட்டுவதும் அப்படியே நடக்கிறது. கீழ்த்தளம் முடிந்து குடிபோன பிறகும் மொட்டைமாடியில் தூண் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருப்பார்கள், என்றைக்காவது மேலே ஒரு தளம் எழுப்பலாம் என்று. கம்ப்யூட்டரில் அந்தக் கம்பி மதர்போர்டு. ஏஎம்டி நிறுவனம் 2017இல் ரைசன் சில்லுகளோடு பரவலாக்கிய ஏஎம்4 சாக்கெட் இதற்கு நல்ல சாட்சி. அப்போது வந்த முதல் தலைமுறை ரைசனைப் போட்டிருந்த பல போர்டுகளில் 2022இல் வெளியான 5800எக்ஸ்3டி வரை பயாஸை மட்டும் புதுப்பித்து மாட்டிக்கொள்ள முடிந்தது. 2024 ஜனவரியில்கூட அதே சாக்கெட்டுக்கு 5700எக்ஸ்3டி என்று ஒன்று வந்தது. இன்டெல் பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட் மாறும். கம்பி அங்கே சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் கதை புதுப் போர்டிலிருந்து தொடங்குவதில்லை. பெங்களூரு அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பெட்டியிலிருந்து தொடங்குகிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மாதிரியான இயந்திரங்கள், நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். இவை ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில் வந்து, ஆன்லைன் வகுப்புக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் மேசையேறின. உறுதியான பெட்டி, பத்து வருஷம் தாண்டியும் ஓடுகிறது. பையன் அதில் ‘ஜிடிஏ 5’ போட்டுப் பார்ப்பான். படம் நின்று நின்று நகரும். அங்கேதான் மேம்பாட்டுத் திட்டம் பிறக்கிறது: ஒரு கார்டு வாங்கிச் சொருகினால் போதாதா?

பெட்டியைத் திறந்தால் விடை தெரியும். பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ், 9020இன் டவர் வடிவத்தில் 290 வாட். ஒல்லி வடிவத்தில் 255 வாட்தான். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி மின்சாரம் தரும் ஆறு முள் வயர் அதில் கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாம் என்றால், போர்டுக்குப் போகும் இணைப்பு வழக்கமான 24 முள் அல்ல, டெல்லின் சொந்த 8 முள். அதற்கென்று ஒரு மாற்று வயர் தேட வேண்டும். ஆகவே ஸ்லாட் வழியாக மட்டும் வரக்கூடிய 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டைத்தான் யோசிக்க முடியும்: 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இன் சில மாடல்கள், அல்லது 2024இல் வந்த 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. ஒல்லிப் பெட்டியானால் கார்டும் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். முப்பதாயிரம் ரூபாய்க் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிற வேளையில்தான் பலருக்கு இது தெரிய வருகிறது.

இன்னொரு தலைவலி மென்பொருள் பக்கம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய பெட்டியில் குறுக்கு வழியில் 11ஐ ஏற்றிவிடலாம். ஏற்றித் தருகிற கடைகளும் உண்டு. ஏற்றிய பிறகு ‘வாலரண்ட்’ திறக்காது. விண்டோஸ் 11 என்றால் அந்த ஆட்டத்தின் கண்காணிப்பு மென்பொருள் டிபிஎம் 2.0வையும் செக்யூர் பூட்டையும் கட்டாயம் கேட்கும். 2020இல் வந்த, லேசான கம்ப்யூட்டரிலும் ஓடும் ஆட்டம் அது. அதற்கே இந்த நிலை. வேகம் குறைந்ததால் பழசாவது போய், பாதுகாப்புச் சில்லு இல்லாததால் பழசாவது என்று ஆகிவிட்டது.

திருப்பதியில் தமிழ் பேசும் வாடிக்கையாளர் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் ஏறக்குறைய இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

“தம்பி, கார்டு அப்புறம் பாத்துக்கலாம். வீட்ல எர்த் இருக்கா?”

“இருக்கு அண்ணா, மூணு பின் சாக்கெட்தான்.”

“மூணு ஓட்டை இருந்தா எர்த் ஆயிடுமா? டெஸ்டர் வெச்சுப் பாரு.”

கடைக்காரர் சொல்வது முழுக்கச் சரி. பழைய வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது துளை பல நேரம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கும். லைனிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் பெட்டியின் உலோகத்தோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லையென்றால் கேபினெட் முழுவதும் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் உட்கார்ந்து கேபினெட்டின் திருகைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஊசி குத்தும். டெஸ்டரின் விளக்கு மங்கலாக எரியும். ஹெட்போன் மாட்டினால் காதோரம் ஒரு ரீங்காரம். இந்த நிலையில் ஹெச்டிஎம்ஐ வயரைச் சொருகி எடுத்தே மானிட்டரின் போர்ட்டை எரித்துக்கொண்டவர்கள் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, கம்பி இழுக்கிற செலவு சில ஆயிரங்கள். யூடியூபில் வரும் எந்த ‘பட்ஜெட் பில்டு’ பட்டியலிலும் இந்த வரி இருக்காது. இங்கே அதுவே முதல் வரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வரி யூபிஎஸ். வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட். அதற்குள் இருக்கும் பேட்டரி 12 வோல்ட், 7 ஏஹெச். பெருக்கினால் 84 வாட்மணி. கார்டு முழு வேகத்தில் ஓடி 300 வாட் இழுக்கும்போது காகிதக் கணக்குப்படி கால் மணி நேரம் வரவேண்டும். வேகமாக உறிஞ்சும்போது இவ்வகைப் பேட்டரி முழுக் கொள்ளளவைத் தருவதில்லை, நிஜத்தில் சில நிமிஷங்கள்தான். ஆட்டத்தை முடித்து ஷட்டவுன் செய்ய அது போதும். கரன்ட் போனாலும் ஆடலாம் என்று நினைப்பவருக்குப் போதாது. தரமான புது எஸ்எம்பிஎஸ்களில் சில, மலிவு யூபிஎஸ் தரும் படிக்கட்டு மாதிரியான அலையைப் பார்த்ததும் முரண்டு பிடித்து அணைந்துவிடுவதும் உண்டு. இதையெல்லாம் வாங்குகிற அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

இந்தப் பேட்டரி விஷயத்தில் திருப்பதி வெளியூர் அல்ல. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் ஆலை ஊருக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் இருக்கிறது. கார்களில் வரும் அமரான், யூபிஎஸ்களில் வரும் குவாண்டா இரண்டும் அந்தக் குடும்பத்துச் சரக்கு. ஆனால் ஊர்ப் பேட்டரி என்பதால் ஊர் வெயில் சலுகை காட்டாது. இவ்வகை அடைப்புப் பேட்டரிக்கு 25 டிகிரி உகந்தது. அதற்கு மேல் எட்டு, பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டைமாடிக்கு நேர் கீழ் அறையில் மேசைக்கடியில் வைத்த பேட்டரி இரண்டு வருஷம் உழைத்தாலே பெரிது. ஆகவே அதை ஒருமுறைச் செலவு என்று எழுதாமல், இரண்டு வருஷத்துக்கொரு முறை வரும் செலவாக எழுதிவைப்பது நல்லது.

மின்கட்டணமும் கணக்கில் வர வேண்டும். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்பகுதி மின்பகிர்மான நிறுவனம்தான் இங்கே பில் போடுகிறது. 2022இல் வந்த வீட்டுக் கட்டண அடுக்குகளில் 126 முதல் 225 யூனிட் வரை 6 ரூபாய். 226 முதல் 400 வரை 8 ரூபாய் 75 காசு. கம்ப்யூட்டரும் மானிட்டருமாக 250 வாட், தினம் நாலு மணி நேரம் என்றால் நாளைக்கு ஒரு யூனிட், மாதம் 30. எந்த அடுக்கில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்து 180 ரூபாய் அல்லது 262 ரூபாய் 50 காசு, மற்ற உபரிக் கட்டணங்கள் தனி. வருஷத்துக்கு இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் வரை. எல்லைக்கு அந்தப் பக்கம் திருத்தணியில் இருக்கிற மாமா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த வீட்டுப் பையனின் கணக்கு வேறு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 200 பிரேம் படம் வரைந்து தள்ளும் கார்டை 60க்குக் கட்டிப்போட்டால் இந்தச் செலவும் அறையின் சூடும் கணிசமாகக் குறையும். அந்த அமைப்பு மெனுவில் சும்மாவே கிடக்கிறது.

சாமான் எங்கே வாங்குவது? சித்தூர் இரண்டு சந்தைகளுக்கு நடுவில் இருக்கிறது. கிழக்கே போனால் சென்னை ரிச்சி தெரு, மேற்கே போனால் பெங்களூரு எஸ்.பி. ரோடு, இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், பேருந்தில் நாலு மணி நேரம். 1911 வரை வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர் இது. பேச்சு இன்றும் இரண்டு மொழியிலும் ஓடுகிறது, பேரம் பேச மொழி தடையில்லை. திருப்பதிக்காரர்களுக்கு சப்தகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அந்த ரயில் திரும்பி வரும் வழியில் ரேணிகுண்டா வரும். 2018இல் ஷாவ்மியின் டிவிகளைச் செய்து தர ஒப்புக்கொண்ட டிக்ஸன் ஆலை அந்தப் பக்கம்தான். கொஞ்சம் தள்ளி ஸ்ரீசிட்டியில் 2015இலேயே ஃபாக்ஸ்கான் ரெட்மி போன்களைக் கோக்கத் தொடங்கிவிட்டது. டிவியும் போனும் பேட்டரியும் செய்கிற மாவட்டத்துக்குக் கிராபிக்ஸ் கார்டு மட்டும் மடியில் வைத்து ரயிலில் வருகிறது.

ரிச்சி தெருவில் இரண்டு விலை சொல்வார்கள், பில்லோடு ஒன்று, பில் இல்லாமல் ஒன்று. 50,000 ரூபாய்ச் சாமானுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 9,000. அந்த ஒன்பதாயிரத்தை மிச்சம் பிடிக்கிற ஆசை யாருக்கும் வரும். மூன்று வருஷ உத்தரவாதம் அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் இருக்கிறது. கார்டு பழுதானால் அதைச் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஊர்க்காரருக்கு அந்தக் காகிதம் கூடுதல் முக்கியம். நகரத்துக்காரர் கடையில் போய்ச் சண்டையாவது போடலாம்.

பழைய கார்டு வாங்குவது தனிக் கலை. 2021இல் ஆர்டிஎக்ஸ் 3060 வெளியானபோது அறிவித்த விலை 329 டாலர், இந்தியாவில் 29,500 ரூபாய். இரண்டு மடங்கு கொடுத்தாலும் கிடைக்காத காலம் அது. ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்ட உலகம் முழுக்கக் கார்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதேரியம் வலைப்பின்னல் தோண்டும் முறையையே கைவிட்டது. வேலையிழந்த கார்டுகள் சந்தையில் கொட்டின. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் ஆர்எக்ஸ் 580 என்று பெயர் போட்டு, பெட்டியின் மூலையில் 2048எஸ்பி என்று பொடி எழுத்தில் இருந்தால் அது உள்ளே 570. நிஜமான 580க்கு 2,304 செயலிகள். ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் இரண்டு நிமிஷத்தில் வெளிச்சமாகிவிடும். பின்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு, தேய்ந்த திருகுகள், உத்தரவாத ஸ்டிக்கர் கிழிந்திருப்பது எல்லாம் அந்தக் கார்டின் முற்பிறவியைச் சொல்லும்.

விலை மலிவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2016இன் ஜிடிஎக்ஸ் 1060 உள்ளிட்ட பாஸ்கல் வரிசைக்கு, ஆட்டங்களுக்கான டிரைவர் புதுப்பிப்பை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’, ‘வாலரண்ட்’ மட்டும் ஆடுகிறவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த ஐந்து வருஷத்து ஆட்டங்களையும் மனதில் வைத்திருப்பவர் ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று பழசை வாங்கிப்போட்டால் அந்த ஆறாயிரமும் போச்சு.

திட்டம் போட்டுச் சேமிக்கிற குடும்பத்துக்கு வெளியுலகம் தரும் அதிர்ச்சி இதுபோல அவ்வப்போது வரும். 2025இன் கடைசியில் வந்தது ராம். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்களுக்கு நினைவகச் சில்லுகள் திரும்பியதில், சில மாதங்களில் விலை இரட்டிப்பையும் தாண்டியது. டிசம்பர் 3 அன்று மைக்ரான் நிறுவனம் தன் நுகர்வோர் பிராண்டான குரூஷியலையே மூடப்போவதாக அறிவித்தது. காலங்காலமாக ‘ராம் கடைசியில் போட்டுக்கலாம், அதுதானே மலிவு’ என்று சொல்லிவந்த கடைக்காரர்கள் வாக்கியத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இந்த நிலைமையில் டிடிஆர்5 கேட்கும் ஏஎம்5 போர்டைவிட, நண்பனிடம் கிடைக்கும் டிடிஆர்4 குச்சிகளை வைத்து ஏஎம்4லேயே ஒரு சுற்று ஓட்டிவிடுவது புத்திசாலித்தனம். புதுச் சாக்கெட்டில் எதிர்காலம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இன்றைய விலைக்கு வாங்க வேண்டிய எதிர்காலம் அது. (ஆப்டிபிளெக்ஸ் 9020இன் ராம் டிடிஆர்3, அதை எடுத்துப் புதுப் போர்டில் மாட்டப் பார்ப்பவர்களைக் கடைக்காரர்கள் பார்க்காத நாள் இல்லை.)

எல்லாவற்றையும் கடந்து வீட்டில் அனுமதி வாங்க வேண்டும். ‘கேம்’ என்ற சொல் ஆந்திர வீடுகளில் 2020க்குப் பிறகு பணம் வைத்து ஆடும் ரம்மியையும் போக்கரையும் நினைவூட்டுகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு அவற்றைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டும் ஆட்டத்தை ஒரு பக்கமும் இ-ஸ்போர்ட்ஸை ஒரு பக்கமும் பிரித்துவைத்திருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பிரிவினை எட்டியிருக்காது. “இன்னும் எவ்ளோ ஆகும்?” என்பதுதான் அவர் கேள்வி. ‘படிப்புக்குத்தான்’ என்று மழுப்புவதைவிட, எந்த மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுகிற பிள்ளை ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.

அந்தத் தாளில் எர்த்தும் எஸ்எம்பிஎஸ்ஸும் முதலில் வரட்டும். 550 வாட், தரமானது, அடுத்த இரண்டு கார்டுகளுக்கும் தாங்கும். பிறகு எஸ்எஸ்டி. அதைப் பழைய பெட்டியிலேயே மாட்டிச் சில மாதம் அனுபவிக்கலாம். சீட்டு எடுக்கும் மாதத்தில் ஏஎம்4 போர்டும், சொந்தக் கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5600ஜியும், 8 ஜிபி ராம் இரண்டும். ஒரே 16 போடாமல் இரண்டு 8 போடுவது முக்கியம். உள்கிராபிக்ஸுக்கு ராம்தான் உணவு, இரண்டு தடத்தில் ஊட்டினால் பிரேம் கண்கூடாக ஏறும். கார்டே இல்லாமல் ‘வாலரண்ட்’ ஓடும், ‘ஜிடிஏ 5’ அளவாக ஓடும். கார்டு அடுத்த வருஷம். ஏர்ப்பேடு ஐஐடியிலோ வேறெங்கோ விடுதிக்குப் போகப்போகிற பிள்ளையாக இருந்தால் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு லேப்டாப் வாங்குவதே சரி, அதில் பிறகு எதையும் பெரிதாக மாற்ற முடியாது என்றாலும்.

பழைய ஆப்டிபிளெக்ஸ் என்ன ஆகும்? விற்றால் மூவாயிரம் தேறினால் அதிகம். நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் சித்தப்பா கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கு டேலி ஓடினால் போதும். ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, அந்தப் பெட்டியோடு பழைய மானிட்டரையும் கொடுத்துவிடலாம். புதுசுக்கு 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் கேட்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.